தின்று பிழைத்தல்

ஜூன் 4

மருந்துக் கம்பெனிக்காரர்கள் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும் நாட்குறிப்பு இது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இருவரில் யாருக்குப் புற்றுநோய் என்று சொல்லப்படவில்லை. இருவருக்கும் பற்கள் நன்றாக இருக்கின்றன.

டாக்டர் ஜெபக்கனி இதை என் கையில் கொடுத்து, "அம்மா என்ன சாப்பிடுறாங்க, வாந்தி இருக்கா, காய்ச்சல் இருக்கா, டெய்லி எழுதிருங்க சார்" என்றார். ஆவுடைக்கு மார்பில் கட்டி. ஆறு சுற்று மருந்து ஏற்றிவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சை என்று ஏற்பாடு. இரண்டு சுற்று முடிந்திருக்கிறது.

அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக ஓய்வுபெறும்வரை அடுத்தவர் எழுதியதையே எழுதிவந்தவன் நான். முதன்முதலாகச் சொந்தமாக எழுதக் கிடைத்திருக்கும் பொருள், மனைவியின் வாந்தி.

சாப்பிட்டது: இட்லி ஒன்று. வாந்தி: இட்லி ஒன்று.

ஜூன் 6

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்துக்கென்று ஒரு வாடை உண்டு. பினாயில், ஆரஞ்சுத் தோல், யாரோ கட்டிக்கொண்டு வந்த புளியோதரை மூன்றும் கலந்தது. இன்று அங்கே ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. நோயாளிகளுக்காகத் தமிழில். ஒரு வாக்கியம்: "கட்டியின் உயிரணுக்களானவை சிகிச்சை அளிக்கப்படும்போது பதிலளிப்பு செய்யப்படுவதாக இருக்கக்கூடும்."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்ட உரிமை பெற்ற ஆவுடை என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டரிடம் சொன்னேன். "அப்போ நீங்களே எழுதிக் குடுத்திருங்க சார். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க நேரமாகும்" என்று சிரித்தார். வெட்கப்பட வேண்டியதைச் சொல்லும்போது சிரிப்பது இப்போது படித்தவர்களின் வழக்கமாக இருக்கிறது.

ஜூன் 9

டாக்டர் விளக்கினார். விஷயம் இரண்டு. இரண்டுமே அசிங்கமானவை.

முதலாவது: மருந்து பட்டால் நிறையச் செல்கள் செத்துப்போகும். சில சாகாது. "பசியில வீட்டுல உள்ள நாற்காலி மேஜையெல்லாம் உடைச்சு அடுப்பெரிச்சுப் பொங்கித் தின்னுற மாதிரி சார். மருந்து அடிக்குது, சாப்பாடு வரத்தும் கம்மி. அந்தச் செல் என்ன பண்ணும்? உள்ளே பழசானது, உடைஞ்சது எல்லாத்தையும் சிதைச்சு அதையே சாப்பாடாக்கிக்கும். தன்னையே தின்னு உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். மருந்து ஓய்ஞ்சதும் எந்திரிச்சு உக்காரும்."

இரண்டாவது: வேறு சில செல்கள் சாகவும் செய்யாது, பிரிந்து பெருகவும் செய்யாது. வேலையை நிறுத்திவிட்டு இருந்த இடத்தில் வீங்கி உட்கார்ந்திருக்கும். உட்காரட்டும் என்று விடவும் முடியாது. உட்கார்ந்தபடியே ஏதேதோ கசியவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எரிச்சல்படுத்தும். அந்த எரிச்சலில் அடங்கிக் கிடந்த ஒன்று கிளம்பிவிடலாம். சில, காலம் பார்த்து மறுபடி பெருகவும் தொடங்கலாம்.

படம் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு நேரெதிரே பல வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு இதற்குப் படம் தேவையில்லை.

ஜூன் 11

பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் கருவாடு வறுக்கிறார். நாங்கள் சைவம். வெங்காயம் சேர்ப்பதையே என் தகப்பனார் ஒரு சலுகையாகத்தான் கருதினார். ஜன்னலைச் சாத்தப் போனேன். ஆவுடை, "கெடக்கட்டும், காத்து வரட்டும்" என்றாள். காற்றே இல்லை.

சாப்பிட்டது: கஞ்சி, அரை டம்ளர். எல்லாம் தகரம் மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 13

பிரசுரத்தை முடித்துவிட்டேன்.

வேலையை நிறுத்திய செல்லுக்கு 'மூப்படைந்த செல்' என்று போட்டேன். கலைச்சொல் அகராதியும் அதைத்தான் சொல்கிறது. ஆவுடை கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் பத்தியை வாசித்தாள். தலையில் முடியில்லாததால் அவள் புருவத்தை உயர்த்தினால் நெற்றி முழுவதும் உயர்கிறது.

"வேலையும் கெடையாது. சும்மாவும் இருக்காது. உக்காந்த எடத்துலேயே பக்கத்துல இருக்கவளப் போட்டு எரிச்சுக்கிட்டே இருக்கும். என்னங்க, இது ஒங்களப் பத்தில்லா எழுதியிருக்கு?"

நோயாளிகளுக்குச் சலுகை உண்டு.

தன்னைத் தின்னும் செல்லைப் பற்றிய வாக்கியம்தான் நேரம் எடுத்தது. முதலில், 'மருந்து பட்டதும் சில புற்றுச்செல்கள் தங்களையே தின்று பிழைக்கின்றன' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். பிழைப்பது என்பது மனிதர்களுக்குச் சொல்லும் சொல். ஆவுடைக்குக் கட்டி என்று தெரிந்த அன்று வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள், "பிழைச்சுக்கிடுவால்லா?" என்று. அதே சொல்லை எடுத்து அந்த ஈனப்பிறவிக்கும் உடுத்திவிட என் கை கூசியது. அடித்துவிட்டேன்.

இப்போது வாக்கியம் இப்படி இருக்கிறது: 'மருந்து பட்டதும் சில புற்றுச்செல்கள் தங்களையே தின்னத் தொடங்குகின்றன.' சுருக்கம், தெளிவு, ஓசை மூன்றும் இருக்கின்றன.

ஜூன் 17

மூன்றாம் சுற்று மருந்து ஏற்றியாயிற்று. பிரசுரமும் அச்சாகி வந்துவிட்டது. டாக்டர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "சூப்பர் சார்" என்றார். தாளின் நிறத்தைச் சொன்னாரா, தமிழைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவர் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்டையில் நோய். பிரசுரத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், செல் மூப்படையும்னு போட்டிருக்கே. பணிமூப்பா? அப்போ அடுத்தது பதவி உயர்வுதான?"

பணிமூப்பு இல்லை, இது முதுமை என்று விளக்கினேன். வேலை செய்யாது, இடத்தைவிட்டும் போகாது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதான் சார் நானும் சொல்லுதேன். பணிமூப்புதான்."

ஜூன் 19

ஆவுடையின் தம்பி குற்றாலலிங்கம் வந்தான். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, இயற்கை வாழ்வைப் பற்றி ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறான். வந்ததும் வராததுமாக நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்பளித்து என் கைகழுவும் தொட்டியில் துப்பினான். அது வழுவழுவென்று அங்கேயே நின்றது. ஒரு மனிதனின் வாயிலிருந்து இவ்வளவு நூலிழைகள் வர முடியும் என்று எனக்குத் தெரியாது.

சட்டைப் பையில் என் பிரசுரம் இருந்தது.

"அத்தான், 'தங்களையே தின்னத் தொடங்குகின்றன'. என்ன வரி அத்தான்! இதத்தான நான் குழுவுல நாளும் பொழுதும் கத்திக்கிட்டு கெடக்கேன். இதுக்கு நோபல் பரிசே குடுத்தாச்சு தெரியுமா? நான் சொன்னா ஒரு பயலும் நம்ப மாட்டான். நீங்க எழுத்துல போட்டுட்டிய."

என் வாக்கியம் ஒன்றை இன்னொருவன் மனப்பாடமாகச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் தொட்டியைப் பற்றிய கண்டனத்தைச் சுருக்கிக்கொண்டேன். பிறகு அவன் உள்ளே போய் அக்காளோடு வெகுநேரம் தணிந்த குரலில் பேசினான். குடும்ப விவகாரமாக இருக்கும். நான் தொட்டியைக் கழுவினேன்.

ஜூன் 22

ஆவுடை சொல்கிறாள்: "நீங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா எனக்கு எறங்க மாட்டேங்கு. வச்சிட்டுப் போங்க. நான் தின்னுக்கிடுதேன்."

சரி.

சாப்பிட்டது: இட்லி இரண்டு. தட்டு காலி.

ஜூன் 26

சாப்பிட்டது: இட்லி மூன்று, மதியம் ரசம் சாதம் முழுக் கிண்ணம். வாந்தி இல்லை. என் சமையல் தேறிவருகிறது. குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையும் குற்றாலலிங்கம் மட்டும்தான் இதைப் பாராட்டவில்லை. தினமும் வந்து வேப்பங்கொழுந்து உருண்டையும் வெந்நீரும் கொடுத்துவிட்டுப் போகிறான். உருண்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறான். அந்தக் கையால்தான் காதும் குடைகிறான்.

ஜூலை 1

மதில்மேல் வரும் சாம்பல் பூனை கொழுத்துவிட்டது. நடக்கும்போது வயிறு தரையில் உரசுகிறது. ரசம் சாதம் தின்னும் பூனையை இப்போதுதான் பார்க்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அருவருப்பான பிராணி. யார் வீட்டில் கிடைக்கிறதோ.

ஜூலை 3

ஆவுடைக்கு ரவிக்கை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. தையல்காரன் அளவைத் தப்பாக எடுத்திருக்கிறான். இந்தக் காலத்தில் எந்தத் தொழில்காரனுக்கும் கவனம் இல்லை.

ஜூலை 5

கொல்லைச் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது. கம்பை விட்டுக் கிண்டினேன். வெள்ளையாக, ஊறிப் புளித்து, இட்லியைப் போன்ற ஏதோ வந்தது. வந்துகொண்டே இருந்தது. தெருவில் உள்ளவர்கள் எல்லாம் கண்டதையும் கொட்டுகிறார்கள்.

சாப்பிட்டது: இட்லி மூன்று. தட்டு காலி.

ஜூலை 8

நான்காம் சுற்றுக்குப் போனோம். மருந்து ஏற்றவில்லை.

எடை பார்த்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கருவி கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது. ரத்தத்தில் அணுக்களும் குறைவு. டாக்டர் ஜெபக்கனி இந்த நாட்குறிப்பைப் புரட்டினார். இட்லி மூன்று, இட்லி மூன்று என்று இருந்தது. எழுத்து நன்றாக இருந்தது.

"சார், இதெல்லாம் யார் சாப்பிட்டா?"

நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் பதற்றமே இல்லாமல் பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். மடித்து மடித்து அந்த வரிக்கு மேலே ஒரு கோடு விழுந்திருந்தது.

"இவங்க எழுதுனதுதான் டாக்டரம்மா. மருந்து பட்டா அது தன்னையே தின்னுதாம். நானும் பட்டினி கெடந்தா இன்னும் வெரசாத் தின்னு தீத்துருமாம். தம்பி சொன்னான். தம்பி சொல்லி நான் எதையும் கேட்டதில்ல. இவங்க எழுதியிருக்காங்களேன்னுதான்."

டாக்டர் வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "தின்னத் தொடங்குகின்றன." அடுத்து என்ன என்பதுபோலத் தாளைத் திருப்பினார். அடுத்து ஒன்றும் இல்லை. முற்றுப்புள்ளி.

"சார், நான் சொன்னது, அது தின்னு உயிர் பொழைக்குதுன்னு. அதுதானே விஷயமே? அது சாகுறதுக்குத் தின்னல சார். சாகாம இருக்கத் தின்னுது. கட்டி பட்டினி கிடக்கக் கத்துக்கிட்டது. அம்மா கத்துக்கலை."

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கெடு. எடை ஏறினால்தான் மருந்து. அதுவரை கட்டிக்கு ஓய்வு. "முட்டை, மீன், எது இறங்குதோ குடுங்க. சும்மா இருக்குற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம் சார்" என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் ஆவுடை என் தோளில் சாய்ந்திருந்தாள். தோளில் ஒன்றும் கனக்கவில்லை. எதிரே ஒருவன் பஸ்ஸிலிருந்து வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அதைப் பற்றி எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. இன்று வேண்டாம்.

ஜூலை 9

குற்றாலலிங்கம் வெந்நீர்ச் செம்போடு வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஏல, ஒனக்கு யாரு சொன்னா பட்டினி போடச் சொல்லி?"

"நீங்கதான அத்தான் சொன்னிய."

"நான் எங்கல சொன்னேன்?"

"எழுதியிருக்கியள்லா. செல்லு தன்னையே தின்னுதுன்னு. ஒருத்தன் தன்னையே தின்னா என்ன ஆவான்? தீந்துதான போவான்? பின்ன என்னத்துக்கு அத்தான் அப்படி எழுதுனிய?"

நான் பதினெட்டுச் சட்டங்களை மொழிபெயர்த்தவன். செம்பைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். அவன் கண் கலங்கியது. அவனுக்கும் ஒரே அக்காள்தான். அழும்போது அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. துடைத்துக்கொள்ளும்வரை நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜூலை 10

ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து மிச்சப் பிரசுரங்களைத் திருத்தினேன். அச்சுக்குத் திரும்பக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அதுவரை கிடப்பதை யாராவது வாசிப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் 'தின்னத் தொடங்குகின்றன' என்பதை அடித்து, மேலே 'தின்று பிழைக்கின்றன' என்று எழுதினேன். கூடவே, 'நீங்களும் சாப்பிடுங்கள்' என்று ஒரு வரி. பிரசுரத்துக்குப் பொருந்தாத நடை. எழுதினேன்.

தொண்டை நோய்க்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் பாதியாகிவிட்டது.

"என்ன சார், திருத்தமா? அரசாணையா?"

"ஆமா."

"என்ன மாத்துறிய?"

காட்டினேன். வாசித்துவிட்டு, "அந்த நாயும் பொழைக்கத்தான் பாக்குது. என்னா?" என்றார். மூடி கழன்ற பேனா ஒன்றைச் சட்டையிலிருந்து எடுத்து, பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் எழுத்து மகா மோசம். ஒற்றுப் பிழை வேறு.

ஜூலை 12

சாப்பிட்டது: ஒன்றும் இல்லை. இந்தத் தடவை பொய் இல்லை. நானே எதிரே உட்கார்ந்து பார்த்தேன். முயற்சி செய்கிறாள். வாயில் வைத்ததும் உடம்பு முழுவதும் கூசுகிறது. பால் இரும்பு மாதிரி இருக்கிறதாம். சத்துமாவு சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி இருக்கிறதாம். என் இட்லியைப் பற்றிச் சொன்னதை எழுதப்போவதில்லை.

"என்னதான் வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

ஜன்னலைப் பார்த்தாள்.

"சொன்னா வையக் கூடாது."

"சொல்லு."

"டீச்சர் வீட்டுல வறுப்பாங்கள்லா. அது ஒண்ணு வாடைதான் எனக்குக் கொமட்ட மாட்டேங்கு."

அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அறுபத்தொரு வயதுவரை முட்டையின் ஓட்டைக்கூடத் தொட்டதில்லை. என் தகப்பனார் படம் எதிர்ச்சுவரில் இருக்கிறது. விபூதியோடு.

ஜூலை 13

சந்தையில் கருவாட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். "யாருக்கு சாமி, பூனைக்கா?" என்றாள். வீட்டுக்கு என்றேன். நெத்திலிதான் முதலில் தொடங்குகிறவர்களுக்கு நல்லது என்று அவளே பொறுக்கிப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கண் இருக்கிறது. காய்ந்த பிறகும்.

ரோஸ்லின் டீச்சர், தானே வறுத்துத் தருவதாகச் சொன்னார். பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, மதிலுக்கு அப்பால் நின்று சொல்லிக்கொடுத்தார்.

"தலையக் கிள்ளிப் போடுங்க அண்ணாச்சி. ஆங், அப்படித்தான். சுடுதண்ணில போட்டு நல்லா அலசணும். மண்ணு கெடக்கும்."

"வாடை போகுமா?"

"போச்சுன்னா அப்புறம் என்னத்துக்கு அண்ணாச்சி கருவாடு?"

தலையைக் கிள்ளினேன். விரலில் ஒட்டியது. மிளகாய்ப்பொடி, மஞ்சள், எண்ணெய். எண்ணெயில் விழுந்ததும் எழுந்த வாடையை விவரிக்கத் தமிழில் சொல் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை, நான் இரண்டிலும் தேடினேன். தகப்பனார் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதற்குள் கொல்லைக்கு ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது ஆவுடை தானாகவே எழுந்து வந்து, பழைய சோற்றில் நீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு காரணங்களுக்காக.

"உப்பு தெரியுதுங்க" என்றாள். "தகரம் இல்ல. உப்பு."

முள்ளைக்கூடத் துப்பவில்லை. மதில்மேல் பூனை வந்து நின்றது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சாப்பிட்டது: பழைய சோறு ஒரு கிண்ணம், நெத்திலிக் கருவாடு. வாந்தி: எனக்கு மட்டும்.

ஜூலை 17

நேற்று முட்டை. இன்று மீண்டும் கருவாடு. குற்றாலலிங்கம் வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தான், என்ன இது, செத்த வாடை?" என்றான்.

"செத்ததுதான். அதத்தான் ஒங்கக்கா தின்னுதா."

உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் தின்றுகொண்டிருந்தாள். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, தண்ணீர் மோந்துகொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்தான். கை கழுவிக்கொண்டானா என்று தெரியவில்லை.

ஜூலை 22

எடை போதும் என்றார்கள். நான்காம் சுற்று ஏறிவிட்டது.

கட்டி பெருக்கவில்லை. சிறுக்கவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறது. டாக்டர், "இதுல பாதி செத்ததா இருக்கலாம், பாதி மூப்படைஞ்சதா இருக்கலாம். இன்னும் ரெண்டு சுத்து. அப்புறம் வெட்டி எடுத்துருவோம்" என்றார். தமிழில் மூப்பு என்றே சொன்னார். தொண்டை நோய்க்காரரைக் கூடத்தில் காணோம். அவர் திருத்திய தாள்கள் சில கிடந்தன. ஒற்றுப் பிழைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லின் டீச்சர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னம்மா, எப்படி இருக்கிய?"

"தின்னு பிழைச்சுக் கெடக்கேன் டீச்சர்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான் அந்த வாக்கியத்தை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

நாளை கருவாடு தீர்ந்துவிடும். கருவாட்டுக்காரி வாளைக் கருவாடு வந்திருப்பதாகச் சொன்னாள். அது இன்னும் நாறுமாம்.